எழுந்திருக்காத சீமானை எழுதியவர்

1853-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு ஒரு ரஷ்யப் போர்க்கப்பல் வந்து நங்கூரம் போட்டது. பல்லாடா என்று பெயர். பாய்மரக் கப்பல், ரொம்பப் பழசு. அதில் வந்த கடற்படைத் தலைவர் புத்தியாத்தின், ஜப்பான் நாட்டோடு ஒப்பந்தம் பேசப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குக் கடிதம் எழுதவும் குறிப்பு வைக்கவும் ஒரு செயலாளர் கூட வந்திருந்தார். வயது நாற்பது. கலியாணம் ஆகாதவர். சற்றே பருத்த உடம்பு, தூக்கம் கலையாத மாதிரி ஒரு முகம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் சர்க்கார் ஆபீசில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அந்த மனிதர்தான் இவான் கொஞ்சரோவ்.

ரஷ்ய எழுத்தாளர்கள் என்றால் டால்ஸ்டாய், செக்காவ், கார்க்கி என்று நம்மவர் பலருக்குப் பெயர் தெரியும். தொ.மு.சி. ரகுநாதன் தமிழாக்கிய கார்க்கியின் 'தாய்' நாவலைப் படித்தவர்களும் நம்மிடையே உண்டு. கொஞ்சரோவ் அவ்வளவாகத் தெரியாத பெயர். ஆனால் தோட்டப் பாட்டாளிகளுக்கான இந்தப் பகுதியில் அவரைப் பற்றி எழுத நமக்கு வலுவான காரணம் இருக்கிறது. பிறர் உழைப்பில் உட்கார்ந்து சாப்பிடுவது ஒரு மனிதனை என்ன பாடு படுத்தும் என்பதை, படுக்கையை விட்டு எழுந்திருக்காத ஒரே ஒரு சீமானை வைத்து எழுதிக் காட்டியவர் அவர். அவர் நம் ஊருக்கும் வந்து போனவர் என்பது கூடுதல் சங்கதி.

கொஞ்சரோவ் 1812 ஜூன் மாதம் வோல்கா ஆற்றங்கரையில் உள்ள சிம்பிர்ஸ்க் பட்டணத்தில் பிறந்தார். பிறகு 1870-இல் லெனின் பிறந்ததும் அதே ஊரில்தான். அவர் நினைவாக 1924-இல் ஊரின் பெயர் உல்யானோவ்ஸ்க் என்று மாறியது. கொஞ்சரோவின் தகப்பனார் பணக்காரத் தானிய வியாபாரி. பரம்பரைச் சீமான் குடும்பம் அல்ல. வீடு மட்டும் பண்ணை வீடு போலத்தான் இருந்தது. மாடு, குதிரை, கோழி, களஞ்சியம், நிலவறை, ஏவலுக்கு ஆட்கள் என்று எதற்கும் குறைவில்லை.

ஏழு வயதில் தகப்பனார் இறந்து போனார். பிள்ளைகளை வளர்க்கத் துணை நின்றவர் திரெகூபோவ் என்ற ஞானத் தகப்பனார். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற சீமான். நிலமும் பண்ணையடிமைகளும் சொந்தமாக உள்ளவர். கொஞ்சரோவ் வீட்டு வளாகத்திலேயே குடியிருந்தார். நல்ல மனுஷன், பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தார். கடல், கப்பல், நட்சத்திரம் என்று கதை சொல்லிப் பையனுக்குக் கடல் ஆசை ஊட்டியவரும் அவர்தான். அவரைப் பார்க்க வேறு சீமான்கள் வருவார்கள். சாப்பாடு, படுக்கை, வம்பளப்பு, திரும்பவும் சாப்பாடு என்று அவர்களுக்குப் பொழுது போகும். அந்தக் கவலையில்லாத சும்மா இருப்பைப் பார்த்த சின்ன வயதிலேயே தம் பெரிய நாவலுக்கு விதை விழுந்துவிட்டது என்று கொஞ்சரோவ் வயதான காலத்தில் நினைவுக் குறிப்பு எழுதி வைத்தார்.

இங்கே அந்த நாட்டு ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அன்றைய ரஷ்யாவில் ஒரு சீமானின் சொத்தை நிலத்தின் பரப்பைக் கொண்டு கணக்கிடுவதில்லை. எத்தனை உயிர் அவனுக்குச் சொந்தம் என்றுதான் கேட்பார்கள். அந்த உயிர்க் கணக்கிலும் ஆண்களுக்கு மட்டுமே இடம். பெண்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். குடியானவன் வாரத்தில் மூன்று நாள், பல இடங்களில் அதற்கும் மேலே, சீமானின் வயலில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். இல்லையென்றால் ஆண்டுக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும். ஊரை விட்டுப் போக முடியாது. சீமான் நினைத்தால் விற்கலாம், பட்டாளத்துக்குப் பிடித்துக் கொடுக்கலாம், சைபீரியாவுக்கும் அனுப்பலாம். தனியார் சீமான்களுக்குச் சொந்தமாக மட்டும் ஆண், பெண், குழந்தை சேர்த்து இரண்டு கோடிப் பேருக்கு மேல் இப்படி இருந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் மிராசுதாரிடம் பண்ணையாளாகக் கிடந்து, அங்கிருந்து தப்பிக் கப்பலேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பத்து வயதில் பையனை மாஸ்கோவில் வணிகப் பள்ளியில் சேர்த்தார்கள். எட்டு வருஷம் அங்கே கிடந்தார், பிடிக்கவே இல்லை. பிறகு 1831 முதல் 1834 வரை மாஸ்கோ பல்கலைக்கழகம். ஊருக்குத் திரும்பி ஆளுநர் அலுவலகத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, 1835-இல் தலைநகரம் போய் நிதி அமைச்சின் அயல் வாணிப இலாகாவில் சேர்ந்தார். அந்த நாற்காலியில் பதினேழு வருஷம் போயிற்று. பகலில் ஆபீஸ் தாள், இரவில் சொந்த எழுத்து. 1847-இல் முதல் நாவல் வெளிவந்து நல்ல பெயர் கிடைத்தது. 1849-இல் 'ஒப்லோமோவின் கனவு' என்று ஒரு பகுதியை மட்டும் அச்சில் விட்டார். முழு நாவல் எங்கே என்று எல்லாரும் கேட்க ஆரம்பித்தார்கள். பத்து வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்!

சிநேகிதர்கள் அவருக்குச் சோம்பல் இளவரசர் என்று கேலிப்பெயர் வைத்திருந்தார்கள். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆயுள் முழுதும் எழுதிய பெரிய நாவல்கள் மூன்றே மூன்று: 1847, 1859, 1869. ரஷ்ய மொழியில் மூன்று தலைப்புமே 'ஒப்' என்ற ஒலியில் ஆரம்பிக்கும் என்பது ஒரு வேடிக்கை. ஆனால் மாதச் சம்பளத்துக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆபீஸ் போய் வந்த மனிதரைச் சோம்பேறி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

அப்படிப்பட்டவர் 1852 அக்டோபரில் உலகம் சுற்றக் கப்பலேறினார் என்றதும் பீட்டர்ஸ்பர்க் நகரமே ஆச்சரியப்பட்டதாம். இங்கிலாந்து, மதீரா, நன்னம்பிக்கை முனை, ஜாவா வழியாகச் சிங்கப்பூர். பயணத்தில் ஒரு நாள் பெரும் புயல். கடலின் கோலாகலத்தை எழுத்தாளர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அதிகாரிகள் வற்புறுத்தி அவரை மேல்தளத்துக்கு வரவழைத்தார்கள். மலை மலையாக அலை, மின்னல். அவர் ஒரு பார்வை பார்த்தார். இது சுத்த ஒழுங்கீனம் என்கிற மாதிரி சொல்லிவிட்டு, நனைந்த துணியை மாற்ற அறைக்குத் திரும்பிவிட்டார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். கப்பலில் அவருக்குத் தண்ணீர் எடுத்துத் தர, பெட்டி படுக்கை ஒழுங்கு பண்ண ஃபதேயெவ் என்ற மாலுமியை அமர்த்தியிருந்தார்கள். அந்த ஏழைக் குடியானவ மாலுமி பயணப் புத்தகம் நெடுக வருகிறான். தமக்கும் ஓர் ஏவலாள் இருந்ததை அவர் மறைக்கவில்லை. நமக்குப் பிடித்த குணம் அது.

அப்போதைய சிங்கப்பூர் எப்படி இருந்தது? ராபிள்ஸ் வந்து 34 வருஷம் ஆகியிருந்தது. ரப்பர் கிடையாது. முதல் ரப்பர்க் கன்றுகள் இங்கே வந்ததே 1877-இல்தான். வெள்ளைக்காரத் துரைமார் ஜாதிக்காய்த் தோட்டம் போட்டிருந்தார்கள். தீவின் வடக்கே, இன்று நாம் உட்கார்ந்து இதை எழுதும் மார்சிலிங் வட்டாரமும் கிராஞ்சிப் பக்கமும் காடுதான். நடுநடுவே சீனர்களின் கேம்பியர், மிளகுத் தோட்டங்கள். புலி அடித்துக் கூலிகள் செத்தார்கள் என்பது அக்காலப் பத்திரிகைகளில் அடிக்கடி வந்த செய்தி. பட்டணத்திலோ இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்று நாம் கார் ஓட்டும் சாலைகள் பலவற்றில் அவர்கள் வேர்வை இருக்கிறது.

கொஞ்சரோவ் பார்த்தது பட்டணமும் அதன் சுற்றுப்புறமும்தான். ஏறக்குறைய ஒரு வாரம் தங்கினார். வெய்யில் அவரைப் போட்டு வாட்டியது. எல்லா நாட்டுக் கப்பலும் தீர்வையில்லாமல் வந்து போகும் துறைமுகம், பல இனத்து மக்களின் இரைச்சல், இரவிலும் ஓயாத சந்தை எல்லாம் அவர் கவனத்தைப் பிடித்துக்கொண்டன. வாம்போ என்று பெயரெடுத்த சீன வர்த்தகர் ஹூ ஆ கேயின் தோட்ட மாளிகைக்கும் போனார். சிராங்கூன் சாலையில் இருந்த அந்தத் தோட்டம் அந்நாளில் பிரசித்தம். சிறு வயதில் கடல் கடந்து வந்து, கப்பல்களுக்கு ரொட்டியும் இறைச்சியும் காய்கறியும் கொடுத்தே பெரிய ஆளானவர் வாம்போ. பின்னாளில் ரஷ்ய அரசாங்கமே அவரைத் தன் பிரதிநிதியாகச் சிங்கப்பூரில் நியமித்தது. உழைத்து முன்னுக்கு வந்த அந்த வியாபாரியின் தோட்டத்தில், தலைமாட்டில் முடியாத நாவலை வைத்துக்கொண்டிருந்த ரஷ்யர் நடந்து போன காட்சியை நாம் கற்பனை செய்து பார்க்கிறோம்.

ஏனென்றால் அந்தப் பயணம் முழுவதும் அவர் மனசில் ஓடியது அந்த ஒப்பீடுதான். இங்கிலாந்தைப் பற்றி எழுதும்போதே, மணிக்கணக்கு பார்த்து ஓடும் ஆங்கில வியாபாரியை ஒரு பக்கமும், இறகு மெத்தையில் புதைந்து சேவல் கூவியும் எழும்பாத ரஷ்யப் பண்ணைச் சீமானை மறுபக்கமும் நிறுத்திப் பார்க்கிறார். இங்கே நமக்கு ஒரு குறை உண்டு. ஆங்கில வர்த்தகத்தின் சுறுசுறுப்பைப் பார்த்து வியந்த அளவுக்கு, அந்தச் சுறுசுறுப்பு யார் முதுகில் ஏறி ஓடியது என்று அவர் தோண்டிப் பார்க்கவில்லை. அதே 1853-இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் நம் மக்கள் கங்காணியிடம் கடன்பட்டுக் கிடந்தார்கள். பினாங்குக்கு எதிர்க்கரையில் புரோவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்கும் ஆள் போய்க்கொண்டிருந்தது.

கப்பல் ஹாங்காங், நாகசாகி, ஷாங்காய், மணிலா எல்லாம் சுற்றியது. இடையில் கிரைமியா யுத்தம் மூண்டதால் கொஞ்சரோவ் 1854-இல் இறங்கி, சைபீரியா வழியாகத் தரை மார்க்கமாகவே திரும்பினார். 1855-இல் தலைநகரம் போய்ச் சேர்ந்தார். 1857 கோடையில் மரியன்பாத் என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு உடம்புக்காகப் போனவர், அங்கே ஏழு வாரத்துக்குள் நாவலின் பெரும்பகுதியை எழுதித் தள்ளிவிட்டார். சோம்பல் இளவரசருக்கு வந்த வேகம்! 1859-இல் 'ஒப்லோமோவ்' பத்திரிகையில் நாலு மாதத் தொடராக வெளியானது.

கதை இதுதான். இல்யா இல்யீச் ஒப்லோமோவ் என்ற சீமானுக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது. தூரத்துக் கிராமத்தில் 350 உயிர் அவனுக்குச் சொந்தம். அவனோ நகரத்தில் வாடகை வீட்டில், பழைய அங்கி ஒன்றைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறான். ஊரிலிருந்து கண்காணிப்பாள் கடிதம் எழுதுகிறான்: மழை இல்லை, குடியானவர்கள் ஓடிப் போகிறார்கள், இந்த வருஷம் இரண்டாயிரம் ரூபிள் குறைவாக வரும். நம் பாஷையில் கங்காணி கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன். சீமான் பதில் எழுத வேண்டும், அதற்கு எழுந்திருக்க வேண்டும். எழுந்திருப்பதா வேண்டாமா என்பதிலேயே பக்கம் பக்கமாகப் போகிறது. பண்ணையைச் சீர்திருத்த மனசுக்குள் பெரிய திட்டம் வைத்திருக்கிறான். மேசை மேல் மைக்கூடு காய்ந்து கிடக்கிறது.

ஏன் இப்படி ஆனான்? அதற்குத்தான் அந்தக் கனவு அத்தியாயம். சின்ன இல்யா துறுதுறு என்று ஓடுகிற பிள்ளை. ஓடினால் விழுவான் என்று பிடித்து உட்கார வைக்கிறார்கள். காலுறையைத் தானே மாட்டப் போனால் ஏவலாள் ஓடி வந்து மாட்டுகிறான். ஒரு டம்ளர் தண்ணீருக்குக் கை நீட்ட வேண்டியதில்லை, வாய் அசைத்தால் போதும். மத்தியானம் சாப்பிட்டு வீடே செத்தது போலத் தூங்கும். மாடம் இடிந்து விழப் போகிறது என்றால் முட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வருஷம் பார்ப்போம் என்பார்கள். வெளியூரிலிருந்து கடிதம் வந்தால் ஏதோ ஆபத்து என்று பிரிக்கவே பயம். கை கால் நன்றாக இருந்த குழந்தையை அன்பாலேயே முடமாக்கிவிட்டார்கள். நாவலில் நம்மை உலுக்கும் இடம் அதுதான். அடிமை வைத்திருப்பது அடிமையைக் கெடுக்கும் என்று ஊர் உலகம் சொல்லும். எஜமானைக் கெடுப்பதை இத்தனை பொறுமையாக எழுதியவர் கொஞ்சரோவ்.

ஜகார் என்று ஒரு வேலைக்காரன் வருகிறான். அவனும் சளைத்தவனல்ல. கூட்டமாட்டான், தூசி தட்டமாட்டான், தொட்ட பாத்திரத்தை உடைப்பான். எஜமானைத் திட்டிக்கொண்டே இருப்பான், வேறு யாராவது எஜமானைத் திட்டினால் சண்டைக்குப் போவான். பங்களாவில் வேலை பார்த்த பெரியவர்களிடம் கேட்டால் இப்படி ஓர் ஆளை அடையாளம் காட்டுவார்கள்.

ஷ்டோல்ஸ் என்ற உழைப்பாளிச் சிநேகிதன் இழுத்துப் பார்க்கிறான். ஓல்கா என்ற பெண் காதலித்து எழுப்பிப் பார்க்கிறாள். கொஞ்ச நாள் எழுந்தும் நடக்கிறான் ஒப்லோமோவ். கலியாணம் என்றால் வீடு பார்க்க வேண்டும், பண்ணைக் கணக்கு பார்க்க வேண்டும் என்றதும் திரும்பவும் அங்கியைத் தேடுகிறான். கடைசியில் அகாஃபியா என்ற விதவையின் வீட்டில், அவள் ஓயாமல் வேலை செய்யும் கைகளைப் பார்த்துக்கொண்டே சோபாவில் சாய்ந்து, வாதம் வந்து இறந்து போகிறான். பண்ணையைத் தூக்கி நிறுத்தியதும் ஷ்டோல்ஸ்தான். ஜகார் கோயில் வாசலில் பிச்சைக்கு நிற்கிறான்.

நாவல் வந்த அதே ஆண்டில் தொப்ரொல்யூபோவ் என்ற இளம் விமர்சகர் நீண்ட கட்டுரை எழுதி, நாட்டின் மேல்தட்டுக்கே பிடித்த நோய் இது என்று பெயர் சூட்டினார். ஒப்லோமோவ் குணம் என்பது ரஷ்ய மொழியில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. 1922-இல் லெனினும் புது அரசாங்கத்து அதிகாரிகளின் மந்தத்தைக் கண்டிக்க அந்தப் பெயரையே எடுத்தார்.

நமக்கு இன்னொரு குறையும் உண்டு. அந்த 350 உயிர்களில் ஒன்றிரண்டு பேரைத் தவிர மற்றவர்களின் முகத்தை அவர் காட்டவில்லை. மழை பொய்த்த வருஷத்தில் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், ஓடிப் போனவர்கள் எங்கே ஓடினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. ஒப்லோமோவின் மனசு தங்கம், குழந்தை மாதிரி என்று நாவல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. படிக்கிற நமக்கும் அவன் மேல் பாசம் வந்துவிடுகிறது. பாசம் வருவதுதான் ஆபத்து. நல்ல துரை, தங்கமான துரை என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதில்லையா?

இருந்தாலும் அவர் செய்த காரியம் சின்னதல்ல. நம் பக்கத்துச் சரித்திரத்தைப் பாருங்கள். இங்கே சோம்பேறி என்ற சொல் எப்போதும் கீழே உள்ளவன் மேல்தான் விழுந்தது. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மலாய் ஆய்வுத் துறைப் பேராசிரியராக இருந்த சையது உசேன் அலாத்தாஸ் 1977-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். மலாய்க்காரர், ஜாவாக்காரர், பிலிப்பினோக்காரர் எல்லாம் சோம்பேறிகள் என்ற பேச்சைக் காலனிக்காரர்கள் எப்படிக் கட்டி எழுப்பினார்கள் என்று அதில் பிரித்து வைத்தார். மலாய்க்காரர் தம் வயலில் பாடுபட்டார், கடலில் மீன் பிடித்தார். துரையின் தோட்டத்துக்கு, துரை கொடுத்த கூலிக்கு வரமாட்டேன் என்றார். அதற்குப் பெயர் சோம்பல்! நம்மவரை அடக்கமானவர் என்று புகழ்ந்து கொண்டுவந்தார்கள். ஒப்பந்தக் கூலி ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதமும் சிறையும் என்று சட்டம் வைத்தார்கள். மலாயாவுக்கு இந்தியர்களை அப்படி ஒப்பந்தம் எழுதிக் கொண்டுவருவது 1910-இல்தான் நின்றது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வாளி சுமந்தவன் பெயர் செக்ரோலில் சோம்பேறி என்று ஏறும். வராந்தாவில் சாய்நாற்காலியில் கால் நீட்டிக் கிடந்தவர் பெயரை எந்த ஏட்டில் ஏற்றினார்கள்?

கொஞ்சரோவ் அந்தச் சாய்நாற்காலியைத்தான் ஏட்டில் ஏற்றினார். அதுவும் வெளியே நின்று கல்லெறிந்தவர் அல்ல. அந்த வீட்டுச் சோற்றில் வளர்ந்தவர், தம்மிடமும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு என்று அறிந்தவர். சோம்பல் இனத்தில் இல்லை, நிறத்தில் இல்லை. தன் வேலையைப் பிறர் தலையில் கட்ட வழி இருக்கிற இடத்தில் அது முளைக்கிறது என்பது அந்தக் கனவு அத்தியாயத்தைப் படித்தால் பச்சைப் பிள்ளைக்கும் விளங்கும். மார்சிலிங் பக்கமும் பிறகு ரப்பர் வந்தது, நம்மவர் வந்தார்கள். இன்று மரமும் இல்லை, லயமும் இல்லை. அடுக்குமாடி வீடுகளும் எம்ஆர்டி நிலையமும்தான். ஆனாலும் விடியற்காலையில் ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் சாரி சாரியாக வேலைக்கு வருகிறவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தும் இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வளையவில்லை என்று சொல்ல ஆள் இருக்கிறது.

நாவல் வந்து இரண்டு வருஷத்தில், 1861-இல், ரஷ்யாவில் பண்ணையடிமை முறையை ஜார் மன்னர் ஒழித்தார். விடுதலை இனாமாக வரவில்லை. தாங்கள் உழுத நிலத்துக்கே குடியானவர்கள் 49 வருஷத் தவணையில் பணம் கட்ட வேண்டும் என்று எழுதினார்கள். கடைசியில் 1907-இல்தான் அந்தக் கடனை விட்டார்கள்.

கொஞ்சரோவின் பிற்கால வாழ்க்கை அத்தனை சுகப்படவில்லை. 1856 முதல் அவர் சர்க்காரின் தணிக்கை அதிகாரி. மற்ற எழுத்தாளர்களின் எழுத்தில் கத்தரி போடும் வேலை. சில நல்ல புத்தகங்களை வெளிவர விட்டார் என்றாலும் அந்த வேலை அவருக்குப் பெருமை சேர்க்கவில்லை. தம் கதைகளைத் துர்கேனிவ் திருடிவிட்டார் என்று ஒரு சந்தேகம் பிடித்து, 1860-இல் நண்பர்கள் கூடிப் பஞ்சாயத்துப் பேசும் வரை போயிற்று. அந்தச் சந்தேகம் சாகும் வரை தீரவில்லை. 1867-இல் ஓய்வு பெற்றார். மூன்றாவது நாவலை இளைய தலைமுறை வறுத்தெடுத்தது. தனியாக, நோயாளியாக, ஒரே வீட்டில் வருஷக்கணக்கில் இருந்தார்.

அந்த வீட்டில் கார்ல் என்று ஒரு வேலைக்காரர் குடும்பத்தோடு இருந்தார். 1878-இல் அவர் இறந்தபோது மனைவியும் மூன்று சின்னப் பிள்ளைகளும் திக்கற்று நின்றார்கள். கொஞ்சரோவ் அவர்களை வெளியே அனுப்பவில்லை. பிள்ளைகளைத் தம் சொந்தப் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். தாமே உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தார், பள்ளியில் சேர்த்தார், அவர்களுக்காகப் பலரிடம் கடிதம் எழுதி உதவி கேட்டார். ஜகாரைக் கோயில் வாசலில் நிறுத்திய எழுத்தாளர் இவர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1891 செப்டம்பர் 27-ஆம் தேதி நிமோனியாவால் கொஞ்சரோவ் காலமானார். வயது 79. உயில் எழுதி வைத்திருந்தார். சொத்தெல்லாம் அந்த வேலைக்காரரின் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும்.